திருமதி வேலாயுதம்

1

இன்று காலைத் தபாலில் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு வருஷம் ஆகிறது, வருடாந்திரப் பரிசோதனைக்கு வரவும் என்று எழுதியிருந்தார்கள். மேலே, வழக்கம்போல, 'மதிப்புக்குரிய திருமதி வேலாயுதம் அவர்களுக்கு' என்று இருந்தது.

என் பெயர் குணசேகரன். வேலாயுதம் என் அப்பா. உறையூரில் பிறந்து, துவாக்குடியில் ஒரு பட்டறையில் வேலை கற்றுக்கொண்டு, இருபத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஜெர்மனிக்கு வந்தவன் நான். தெற்கே ஒரு சின்ன ஊரில், பல்சக்கரங்கள் செய்யும் தொழிற்சாலையில் அளவு சரிபார்க்கும் வேலை. இந்த நாட்டில் அப்பா பெயர்தான் எனக்குக் குடும்பப் பெயர். அதையும் 'ஃபேலாயுட்டம்' என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா உயிரோடு இருந்திருந்தால் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

நான் போவது மார்புப் புற்றுநோய்ப் பிரிவு. அங்கே வரும் நோயாளி பெண்ணாகத்தான் இருப்பார் என்று கம்ப்யூட்டரில் யாரோ எழுதி வைத்துவிட்டார்கள். இரண்டு வருஷத்தில் ஆறு முறை திருத்தச் சொல்லியிருக்கிறேன். வரவேற்பில் இருக்கும் பெண் ஒவ்வொரு முறையும் உண்மையாகவே வருத்தப்பட்டு, என் கண்முன்னால் திருத்தி, சரியாக அச்சடித்தும் காட்டுவார். அடுத்த கடிதம் மறுபடியும் திருமதிக்கே வரும்.

ஆமாம், ஆண்களுக்கும் வரும். அபூர்வம், ஆனால் வரும். ஊரில் இதைப் படிக்கிற சிலர் இந்த இடத்தில் சற்று நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். எனக்கும் இரண்டு வருஷத்துக்கு முன்னால் தெரியாது.

2

குளிக்கும்போதுதான் தட்டுப்பட்டது. இடது காம்புக்குக் கீழே கொண்டைக்கடலை அளவில் ஒன்று. வலி இல்லை. மூன்று மாதம் அப்படியே விட்டுவிட்டேன். என் மனைவி சாந்தி இறந்து அப்போது நான்கு வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகள் மீரா ஹாம்பர்க்கில் இருக்கிறாள், ரயிலில் ஆறு மணி நேரம். உடம்பில் ஒரு கட்டி வந்தால் 'இங்க பாரேன், இது என்ன' என்று காட்டுவதற்கு வீட்டில் ஒரு ஆள் வேண்டும். காட்டினால் அந்த ஆள் திட்டி டாக்டரிடம் அனுப்பும். என் வீட்டில் திட்ட ஆளில்லை. கட்டி பாட்டுக்கு இருந்தது.

கடைசியில் வேறு எதற்கோ குடும்ப டாக்டரிடம் போனபோது அவரே கண்டுபிடித்து, ஊசி போட்டுத் திசு எடுக்க அனுப்பினார். ஒரு வாரம் கழித்து முடிவு சொல்லக் கூப்பிட்டார்கள். காத்திருக்கும் அறையில் எல்லாரும் பெண்கள். சிலருக்குப் பக்கத்தில் கணவர் உட்கார்ந்திருந்தார். ஒரு நர்ஸ் என்னிடம் குனிந்து, "உங்கள் மனைவி உள்ளே இருக்கிறாரா? நீங்களும் கூடப் போகலாமே" என்று அன்பாகக் கேட்டார். மனைவி இறந்துவிட்டார் என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து நானே அவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருந்தது.

டாக்டர் அம்மாள் மெதுவாகத்தான் பேசினார். ஜெர்மன் மொழியில் 'ப்ரூஸ்ட்' என்றால் நெஞ்சுக்கும் அதுதான், மார்பகத்துக்கும் அதுதான். நம் 'மார்பு' மாதிரியே. இத்தனை வருஷம் இந்த மொழியில் சம்பளம் வாங்கிச் சாப்பிட்ட என் மூளை, அந்த நேரத்தில் நெஞ்சு என்று எடுத்துக்கொண்டது. "நான் சிகரெட் பிடித்ததே இல்லையே" என்றேன். அவர் புரியாமல் பார்த்தார். "நுரையீரல் இல்லை" என்று சொல்லி, தன் கையைத் தன் மார்பின் மேல் வைத்துக் காட்டினார். பிறகு என் சட்டையின் இடது பக்கத்தைச் சுட்டினார். எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, வெட்கம். யாரோ என் சட்டையைத் தெருவில் கழற்றிவிட்ட மாதிரி இருந்தது.

3

அறுவை சிகிச்சைக்கு முன்னால் கையில் ஒரு டேப்லெட்டைக் கொடுத்துக் கேள்விகளுக்குப் பதில் போடச் சொன்னார்கள். 'கடைசி மாதவிடாய் எப்போது?' பதில் போடாமல் அடுத்த பக்கம் திறக்காது. வரவேற்பில் போய்க் கேட்டேன். அந்தப் பெண் முகம் சிவந்துபோய், "ஏதாவது ஒரு தேதி போட்டுவிடுங்கள்" என்றார். ஜெர்மனியில் வந்து இறங்கிய தேதியைப் போட்டேன். சட்டென்று நினைவுக்கு வந்தது அதுதான். அடுத்த கேள்வி, 'எத்தனை முறை கர்ப்பம் தரித்தீர்கள்?' ஒரு முறை என்று போட்டேன். மீரா வருத்தப்படக் கூடாதல்லவா.

வீட்டுக்கு வந்தால் தபால் பெட்டியில் முதல் கடிதம். திருமதி வேலாயுதம். சாப்பாட்டு மேஜையில் அதை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கணக்குப்படி அது எங்கள் அம்மா. அம்மா போய் இருபது வருஷம் ஆகிறது. வாழ்ந்த காலத்தில் அவரை ஒருவரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, செத்த பிறகு இந்த நோயைக் கொடுத்துக் கூப்பிட வேண்டாம் என்று தோன்றியது. அதனால் வேறு ஒரு திருமதி வேலாயுதத்தை உண்டாக்கினேன். திருச்சியில் வேலாயுதங்களுக்கா பஞ்சம்?

தில்லைநகர் ஏழாவது கிராஸ். ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ். கஞ்சி போட்ட காட்டன் புடவை. கைக்கடிகாரத்தை உள்மணிக்கட்டில் திருப்பிக் கட்டியிருப்பார். டவுன் பஸ்ஸில் ஏறினால் யாராவது தானாக எழுந்து இடம் கொடுத்துவிடுவார்கள். காந்தி மார்க்கெட்டில் கத்தரிக்காயைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கீழே வைப்பார், கடைக்காரர் அதற்கே விலையைக் குறைப்பார். எதற்கும் பயப்படாதவர். நோய் அவருக்குத்தான். நான் துணைக்குப் போகிறவன், பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடக்கிறவன்.

இது கிறுக்குத்தனம் என்று எனக்குத் தெரியும். ஆனால் வேலை செய்தது. டாக்டர் 'முழுவதும் எடுத்துவிட வேண்டும்' என்றபோது நான் கதவைப் பார்த்தேன். திருமதி வேலாயுதம் "சரி, எந்தத் தேதி?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். ஆபரேஷன் மேஜையில் குளிரில் விறைத்துக் கிடந்தபோது மயக்க மருந்து டாக்டரைப் பார்த்து, "ஏம்ப்பா, இத்தனை ஏ.சி. வெச்சா மனுஷன் எப்படிப் படுப்பான்" என்று கேட்டார். நான் சிரித்தேன். மருந்து ஏறுகிறது என்று டாக்டர் நினைத்திருப்பார்.

விழித்தபோது கையிடுக்கில் ஒரு தலையணை இருந்தது. இதய வடிவம், இளஞ்சிவப்பு, பூப்போட்டது. காயத்தில் கை இடிக்காமல் இருக்கத் தொண்டர்கள் தைத்துக் கொடுப்பது. கூடவே, பொருத்தமான உள்பாடி தேர்ந்தெடுக்க ஆலோசனை பெற ஒரு சீட்டும் கொடுத்தார்கள். திருமதி அதை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

ஒரே ஒரு நாள் அவர் வரவில்லை. கட்டுப் பிரித்த அன்று, வீட்டுக் குளியலறையில் கண்ணாடி முன்னால் நின்றபோது. கூப்பிட்டுப் பார்த்தேன். தில்லைநகரும் வரவில்லை, காட்டன் புடவையும் வரவில்லை. வலது பக்கம் நான் எப்போதும் போல இருந்தேன். இடது பக்கம் ஒரு கோடு இருந்தது. குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பக்கத்து வீடு வரை கேட்காது என்று தெரிந்தும் திறந்துவிட்டேன்.

4

அதற்குப் பிறகு ஒரு மாத்திரை, தினமும் ஒன்று, ஐந்து வருஷத்துக்கு. கூட வந்த காகிதத்தில் கர்ப்பிணிகள் இதைச் சாப்பிடக் கூடாது என்று எழுதியிருந்தது. என் நிலைமையை நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டு, சாப்பிடலாம் என்று முடிவு செய்தேன்.

அந்த மாத்திரை உடம்பில் திடீரென்று தீயை மூட்டும். கழுத்திலிருந்து கிளம்பிக் காது வரைக்கும் எரியும். வெளியே பனி கொட்டும்போது ஜன்னலைத் திறந்து தலையை நீட்டிக்கொண்டு நிற்பேன். ஐம்பது வயதை ஒட்டி சாந்தி இப்படித்தான் ஜன்னலைத் திறப்பாள். "ஹீட்டர் போட்டுட்டு ஜன்னலைத் திறக்கறியே, உனக்கென்ன பைத்தியமா" என்று நான் எழுந்து சாத்துவேன். அவள் பால்கனிக்குப் போய்விடுவாள். அவளிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அதற்கு நேரம் கடந்துவிட்டது.

ஆபரேஷனுக்கு மீரா வந்து, நான் வீடு திரும்பிய பிறகும் இரண்டு நாள் இருந்தாள். நல்ல பெண். குளிர்பெட்டியை நிரப்பினாள், படுக்கை விரிப்பை மாற்றினாள், டாக்டரிடம் எனக்குத் தோன்றாத கேள்விகளையெல்லாம் கேட்டாள். அவளுக்கும் எனக்கும் பேச்சு ஜெர்மனில்தான். 'அப்பா' என்பது மட்டும் தமிழ். கிளம்பும் அன்று சமையலறையில் நான் தனியாக, "அம்மணி, இன்னிக்கு ரசம் மட்டும் போதுமில்ல?" என்று கேட்டது அவள் காதில் விழுந்துவிட்டது.

"யாரிடம் பேசுகிறீர்கள், அப்பா?"

விளக்கினேன். திருமதி வேலாயுதத்தை விளக்க முதலில் தில்லைநகரை விளக்க வேண்டியிருந்தது. பிறகு ஹெட்மிஸ்ட்ரஸ் என்றால் ஒரு ஊரே ஏன் பயப்படும் என்று விளக்க வேண்டியிருந்தது. கத்தரிக்காயைச் சும்மா திருப்பிப் பார்ப்பதில் என்ன இருக்கிறது என்று விளக்க வேண்டியிருந்தது. சொல்லி முடித்தபோது அதில் சிரிக்க ஒன்றுமே மிச்சமில்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, கண்கலங்கி, "உங்களுக்கு உதவி தேவை" என்றாள். ரயிலில் போகும்போதே ஒரு மனநல ஆலோசகரின் முகவரியை அனுப்பினாள். பயந்துபோய்த்தான் அனுப்பினாள், எனக்கும் அது புரிந்தது. ஆனாலும் அன்று வீடு அதற்கு முன் இருந்ததைவிடப் பெரிதாகிவிட்டது.

5

ஆணுக்கு வந்தால், பரம்பரையாக வரும் ஜீன் இருக்கிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். பார்த்தார்கள். இருந்தது. அப்பா வழியில் வந்திருக்கலாம் என்றார்கள். கூடப்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இருக்க வாய்ப்பு உண்டு, அவர்களுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்று ஒரு கடிதம் கொடுத்தார்கள். மீராவுக்கு அன்றைக்கே எழுதினேன். 'படித்துவிட்டுச் சொல்கிறேன்' என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு நாங்கள் வானிலையைப் பற்றியும் ரயில் வேலைநிறுத்தத்தைப் பற்றியும் பேசிக்கொண்டோம்.

சொல்ல வேண்டிய இன்னொருத்தி, என் அக்கா ராஜேஸ்வரி. என்னைவிட ஆறு வயது மூத்தவள். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் வீடு. மாமா காலமான பிறகு தனியாகத்தான் இருக்கிறாள், பையன் பெங்களூரில். முன்னறையில் மிஷின் போட்டு ரவிக்கை தைக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் பேசுவோம். ஆபரேஷன் நடந்ததைக்கூட, "நெஞ்சுல ஒரு சின்ன ஆபரேஷன்" என்றுதான் சொல்லியிருந்தேன். அவள் இதயம் என்று நினைத்துக்கொண்டு, "எண்ணெய் சேக்காதே, தேங்காயைக் குறை" என்றாள். நான் திருத்தவில்லை. தேங்காயைக் குறைத்துவிட்டேன் என்றேன்.

அந்தக் கடிதம் எட்டு மாதம் சமையலறை டிராயரில் கிடந்தது. டாக்டர் இரண்டு முறை, "அக்காவிடம் சொல்லிவிட்டீர்களா?" என்று கேட்டார். இரண்டு முறையும் சொல்லிவிட்டேன் என்று பொய் சொன்னேன். அக்காவிடம் மார்பு என்ற வார்த்தையை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதுவும் என் மார்பு. அந்த எட்டு மாதத்தை என்னால் எந்த நகைச்சுவையாலும் மூட முடியவில்லை. போனில் சொல்ல முடியாது, நேரில்தான் சொல்ல வேண்டும் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, போன தை மாதம் திருச்சிக்கு விமானம் ஏறினேன்.

6

நான்கு நாள் சொல்லவில்லை. அக்கா வற்றல்குழம்பு வைத்தாள், சாப்பிட்டேன். காந்தி மார்க்கெட்டுக்குக் கூப்பிட்டாள், பை பிடித்துக்கொண்டு போனேன். உறையூரில் நாங்கள் இருந்த வீட்டை இடித்துக் கட்டியிருக்கிறார்கள் என்று காட்டக் கூட்டிப் போனாள், பார்த்தேன். காவிரிப் பாலத்தில் பஸ் நின்று நின்று போன அரை மணி நேரத்தில் மூன்று முறை வாயைத் திறந்தேன். ஒரு முறை தண்ணீரைப் பற்றிப் பேசினேன், இரண்டு முறை கொட்டாவி விட்டேன்.

ஐந்தாம் நாள் மதியம், மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்த அக்கா திரும்பிப் பார்த்தாள்.

"சட்டையக் கழட்டு."

"எதுக்கு?"

"தோள்ல தையல் விட்டிருக்கு. ரெண்டு நிமிஷத்துல அடிச்சுத் தரேன்."

"இருக்கட்டும்க்கா. அப்புறம் பாத்துக்கலாம்."

அவள் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சேகரு, நீ வந்த அன்னிக்கே பாத்துட்டேன். இடது பக்கம் துணி படியற மாதிரி வலது பக்கம் படியல. நாப்பது வருஷமா மார்பளவு எடுக்கறவ நான். எனக்குத் தெரியாதா?"

"ஹார்ட்டுன்னு சொன்னேனே."

"ஹார்ட்டுல கை வெச்சா கோடு நடுவுல வரும். ஒரு பக்கம் மட்டும் இப்படிக் குழி விழாது."

"தெரிஞ்சுட்டு ஏன் கேக்கல?"

"எங்கிட்ட வர்றவங்க யாரையும் நான் கேக்கறதில்ல. அவங்களாத்தான் சொல்லணும்."

எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினாள். அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்து வந்து, கட்டிலின் மேல் கொட்டினாள். கைக்குள் அடங்குகிற மாதிரி வட்ட வட்டமாகத் தைத்த பஞ்சுப் பொதிகள், ஐந்தாறு. வெவ்வேறு அளவு.

"ஆபரேஷன் ஆனவங்க நாலு பேர் வர்றாங்க. ஒருத்தி பேங்க்ல வேலை பாக்கறா. ஒருத்தி கொள்ளிடம் தாண்டி கிராமத்துலேர்ந்து வருவா. வெறும் பஞ்சு வெச்சா கழுத்துக்கு ஏறிடும். கொஞ்சம் கடுகு சேத்துத் தைச்சாதான் எடை நிக்கும், எடம் மாறாது. ரவிக்கைக்கு உள்ளாற ஒரு பாக்கெட் வெச்சுக் குடுப்பேன். ஒருத்திக்கு இன்னொருத்தியத் தெரியாது. தெருவுல யாருக்கும் தெரியாது."

நான் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். உள்ளே கடுகு மெல்ல நகர்ந்தது.

"உனக்கும் ஒண்ணு தைச்சுத் தரட்டா? சட்டைக்கு உள்ளாற வெச்சுக்கலாம். தேங்காயக் குறைச்சதுக்கு ஈடா இருக்கும்."

சிரித்தேன். அவளும் சிரித்தாள். நிறுத்த முடியாமல் சிரித்து, கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, நான் சிரிக்கவில்லை. அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

கொஞ்சம் அடங்கியதும் திருமதி வேலாயுதத்தைப் பற்றிச் சொன்னேன். இங்கே எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அக்கா கவனமாகக் கேட்டுவிட்டு, "தில்லைநகர்ல எந்த கிராஸ்?" என்றாள்.

"ஏழாவது."

"நம்மகிட்ட தைக்க வரதில்லையே. கை நீளமா, முழங்கை வரைக்கும் வெச்சுப் போடுவாங்களா?"

"ஆமா."

"கழுத்து?"

"ஏத்தம்தான்."

"நெனச்சேன். அளவு ரவிக்கை கொண்டு வரச் சொல்லு. அவங்க மாதிரி ஆளுங்களுக்குத் தப்பா தைச்சா திரும்ப வந்து நிப்பாங்க."

இத்தனை காலமாக அந்த அம்மாளை நான் ஒருவனே தூக்கிச் சுமந்துகொண்டிருந்தேன். அன்று ஒரு பக்கம் அக்கா பிடித்துக்கொண்டாள்.

7

ஆனால் நான் போனது அதைச் சொல்ல அல்ல. காப்பி குடித்து முடித்த பிறகு கடிதத்தை எடுத்தேன். ஜெர்மனில் இருந்ததை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். எட்டு மாதம் டிராயரில் கிடந்ததையும் சொன்னேன்.

அக்கா டம்ளரை அலம்பி வைத்துவிட்டு வந்தாள். முகத்தில் இருந்த சிரிப்பு போயிருந்தது.

"அப்பா வழின்னா, அத்தைக்கு இருந்தது அதானா?"

அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது எங்கள் வீட்டில்தான் இறந்தார். மஞ்சள் காமாலை என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். இத்தனை வருஷம் நான் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று டாக்டர் கேட்டபோதும் இல்லை என்றுதான் சொன்னேன்.

"காமாலையும் இல்ல, ஒண்ணும் இல்ல. பெரியாஸ்பத்திரியில எடுத்துட்டு அனுப்பிட்டாங்க. எனக்குப் பதினாலு வயசு. அத்தை ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, 'தலாணிப் பஞ்சு கொஞ்சம் எடுத்து, வட்டமா தைச்சுத் தருவியா, யார்கிட்டயும் சொல்லாதே'ன்னாங்க. நான் மொதமொதல்ல தைச்சது அதான். கோணலா இருந்தது. அதையே வெச்சுக்கிட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் போனாங்க."

"என்கிட்ட சொன்னதே இல்லையே."

"யார்கிட்டயும் சொல்லாதேன்னாங்களே" என்றாள் அக்கா, ஐம்பது வருஷம் கழித்தும் அது செல்லும் என்கிற மாதிரி.

பரிசோதனைக்குப் போகலாம் என்றேன். முடியாது என்றாள். "அறுபத்தி நாலு வயசாச்சு. இனிமே எதைத் தோண்டி எதை எடுக்கப் போறாங்க?" என்றாள். பெங்களூர்ப் பையனுக்கும் அவன் பெண்ணுக்கும் தெரிய வேண்டாமா என்றேன். கோபம் வந்துவிட்டது. "எட்டு மாசம் பொட்டிக்குள்ள வெச்சிருந்தவன் எனக்குச் சொல்ல வந்துட்டியா?" என்று மிஷினில் உட்கார்ந்து, தைக்கத் துணி ஒன்றும் இல்லாமலே ஓட்டினாள். அன்று முழுக்க நாங்கள் பேசவில்லை. மறுநாளும் சாப்பாட்டைத் தட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் காலையில், புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"தனியாப் போக மாட்டேன்."

"நான் வரேன்."

"நீ வாசல்ல நிக்கக் கூடாது. உள்ள வரணும்."

8

என்ன ஆயிற்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் தட்டுப்படாத அளவில், மிகச் சிறியதாக ஒன்று இருந்தது. சீக்கிரம் கண்டதால் அதை மட்டும் எடுத்தால் போதும் என்று சொல்லி, திருச்சியிலேயே எடுத்தார்கள். ஜீனும் அவளுக்கு இருக்கிறது. நான் விடுப்பை நீட்டிக்கக் கேட்டபோது தொழிற்சாலையில், அக்கா என்பவர் உடனடிக் குடும்பத்தில் சேரமாட்டார் என்று ஒரு படிவத்தை அனுப்பினார்கள். சம்பளமில்லாத விடுப்பு எடுத்துக்கொண்டு பத்து வாரம் அங்கே இருந்தேன். அக்கா இப்போது மறுபடியும் தைக்கிறாள். பெங்களூர்ப் பையன் பரிசோதனை செய்துகொண்டான், அவனுக்கு இல்லை. மீரா இன்னும் செய்துகொள்ளவில்லை. கேட்பதா வேண்டாமா என்று ஒவ்வொரு வாரமும் யோசித்து, ஒவ்வொரு வாரமும் வானிலையைக் கேட்கிறேன். எட்டு மாதம் முன்னதாகச் சொல்லியிருந்தால் அக்காவுக்கு அது இன்னும் சிறியதாக இருந்திருக்குமா என்று டாக்டரிடம் கேட்கவில்லை. அக்காவும் கேட்கவில்லை.

ஆனால் எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருவது அந்த முதல் நாள்தான். தில்லைநகரில் ஒரு ஸ்கேன் சென்டர். மாடியில் மேமோகிராம் எடுக்க, பெண்களுக்கென்று ஒரு அறை, கண்ணாடிக் கதவு. நான் அக்காவின் பின்னால் நுழைந்ததும் அங்கே இருந்த பெண், "சார், நீங்க கீழ வெயிட் பண்ணுங்க. இது லேடீஸ் மட்டும்" என்றாள்.

நான் திரும்பினேன். பழக்கம். அக்கா என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"அவன் துணைக்கு வரலம்மா. அவனுக்கும் இதே வந்து ஆபரேஷன் ஆயிருக்கு. எனக்கு முன்னாடியே அவன் இதெல்லாம் பாத்துட்டான். இங்கதான் உக்காருவான்."

மெதுவாகச் சொல்லவில்லை. ரோட்டைத் தாண்டி யாரையோ கூப்பிடுகிற குரலில் சொன்னாள். ஏழெட்டுப் பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அந்தப் பார்வையைத்தான் நான் இத்தனை காலமாக, இரண்டு தேசத்தில், தவிர்த்துக்கொண்டிருந்தேன். வந்தது. வந்து ஒரு கணம் நின்றது. பிறகு பெஞ்சின் ஓரத்தில் இருந்த ஒரு வயதான அம்மாள் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, நகர்ந்து இடம் விட்டார். உட்கார்ந்தேன்.

அக்காவைக் கூப்பிட்டார்கள். கழுத்துச் செயினைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து மூடினாள். கைப்பையைக் கொடுத்தாள், கண்ணாடியைக் கொடுத்தாள். கண்ணாடி இல்லாமல் அவள் முகம் சின்னதாக இருந்தது. "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது.

பக்கத்தில் முப்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தனியாக வந்திருந்தாள். டோக்கன் சீட்டைச் சுருட்டிச் சுருட்டி நூலாக்கியிருந்தாள். சற்று நேரம் கழித்து, என் பக்கம் திரும்பாமல், தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அண்ணா, வலிக்குமாங்க?"

என்னிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. நான் கேட்கவும் எனக்கு ஆள் இருந்ததில்லை.

"வலிக்கும்மா" என்றேன். "மிஷின் தட்டு அழுத்தும்போது கொஞ்ச நேரம்தான். மூச்சைப் பிடிச்சுக்கச் சொல்வாங்க. பத்து எண்ணறதுக்குள்ள விட்டுடுவாங்க."

அவள் தலையை ஆட்டினாள். உதடு அசைவது தெரிந்தது, எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.